வருத்தம் விசாரிக்கிற தமிழ்

தில்குமாருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய முதல் நாளே கௌரிக்கும் அவள் கணவர் சண்முகலிங்கத்துக்கும் வாக்குவாதம் வந்துவிட்டது.

தில்குமார் நேபாளத்திலிருந்து வந்து கொழும்பில் வைத்தியம் படித்துக்கொண்டிருந்தவன். வெளிநாட்டு மாணவர்களுக்கு முதல் வருடத்திலேயே சிங்களம் படிப்பித்திருந்தார்கள். அவனும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். மருதானைக் கடைகளில் விலை பேசும்போது அவனைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டால் வெளிநாட்டுக்காரன் என்று சொல்லமாட்டார்கள். தமிழுக்கும் வகுப்பு உண்டென்று சொல்லியிருந்தார்கள். படிப்பிக்க வந்தவர் இரண்டு தரம் வந்துவிட்டு நின்றுவிட்டார். வார்டுக்குள் போகும்வரை அவனுக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. அங்கே, ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த வெள்ளையம்மா என்ற வயதான பெண் அவனுடைய கோட்டைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள். அடுத்த நாளும் கேட்டாள். அதற்கடுத்த நாள் செத்துப்போனாள். அவள் கேட்டது தண்ணீரையா, மகளையா, நோவுக்கு மருந்தையா என்று அவனுக்குத் தெரியவில்லை. அதே ஆஸ்பத்திரியின் கிளினிக்கில் வேலைசெய்த பேர்ணடெற் என்ற தாதியிடம் போய், தமிழ் படிப்பிக்க ஒருவரைக் காட்டச் சொல்லிக் கேட்டான். கொட்டாஞ்சேனைக்காரியான பேர்ணடெற், தன்னுடைய கிளினிக்கிற்குக் கணவரைக் கூட்டிக்கொண்டு வருகிற கௌரியைக் காட்டிவிட்டாள்.

கௌரி யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடமொன்றில் விஞ்ஞானம் படிப்பித்தவள். சண்முகலிங்கத்துக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிக்கொண்டு வந்ததால் 2006 ஆடியில் அவரைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்தாள். இரண்டு கிழமையில் திரும்புவதாக எண்ணம். ஆவணியில் சண்டை தொடங்கி யாழ்ப்பாணத்துக்கான பாதையைப் பூட்டிவிட்டார்கள். கப்பலில் போகலாம் என்றார்கள். ஆனால் போனால் திரும்பிக் கிளினிக்கிற்கு வருவது எப்படி? ஆகவே வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில், சரோஜினிதேவி என்ற விதவையின் வீட்டு மேல்மாடியில் ஒரு அறை எடுத்துத் தங்கிவிட்டார்கள்.

அந்த அறையில், பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கௌரி முதல் பாடத்தை எழுதினாள். தில்குமார் ஒவ்வொரு எழுத்தாக உருட்டி வாசித்தான்.

"உங்கட பேர் என்ன? எந்த ஊர்? கொழும்புக்கு எப்ப வந்தனீங்கள்? ஆரோடை வந்தனீங்கள்? என்னத்துக்கு வந்தனீங்கள்?"

கட்டிலில் படுத்திருந்த சண்முகலிங்கம் எழும்பி உட்கார்ந்தார்.

"இஞ்சாரும், இதைப் போய் வார்டிலை கேட்டால் வருத்தக்காரன் கட்டிலுக்குக் கீழை பூந்திடுவான்."

"வருத்தக்காரனிட்டைப் பேர் ஊர் கேக்காமல் வேறை என்னத்தைக் கேக்கிறது?"

"நேற்று செக்பொயின்ரிலை ஆமிக்காரன் என்னட்டைக் கேட்டதும் இதுதான். இதே ஒழுங்கிலை. நீர் பக்கத்திலை நிண்டனீர்தானே?"

கௌரிக்குக் கோபம் வந்தது. தான் பள்ளிக்கூடத்தில் இப்படித்தான் படிப்பித்தது என்றாள். இது பள்ளிக்கூடமில்லை என்றார் அவர். கொஞ்சநேரம் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்க, தில்குமார் நடுவில் பேனையைப் பிடித்தபடி இருந்தான். கடைசியில் கௌரி எல்லாவற்றையும் வெட்டிவிட்டு வேறொன்று எழுதினாள்.

"என்ன செய்யுது?"

"செய்யுது எண்டால் வேலை செய்யிறதுதானே, ரீச்சர்?" என்று ஆங்கிலமும் கலந்து கேட்டான் தில்குமார். கையிலிருந்த சிறிய புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

"இது அதில்லை தம்பி. உடம்புக்கு என்ன எண்டு கேக்கிறது. என்ன செய்யுது உங்களுக்கு? நெஞ்சு நோகுது. தலை இடிக்குது. அப்பிடி."

"ஆனால் ஆர் செய்யிறது?"

"அதுதான் தம்பி எங்களுக்கும் தெரியேல்லை," என்றார் சண்முகலிங்கம். அவர் சிரித்துக் கௌரி பார்த்துக் கனநாளாகியிருந்தது.

பிறகு அவன் கிழமைக்கு மூன்று தரம் வந்தான். சண்முகலிங்கம்தான் நோயாளி. கட்டிலில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் புதுப்புது வருத்தம் சொல்லுவார். சத்தி வருது, வயித்தாலை போகுது, கைகால் உழையுது, தலை அம்மிக்கொண்டிருக்குது. தில்குமார் பக்கத்தில் முக்காலியில் இருந்துகொண்டு கண்ணிமையை இழுத்துப் பார்த்து, வயிற்றைத் தட்டிப் பார்த்து, தமிழிலே கேள்வி கேட்பான். வலிக்குச் சொல்கிற 'நோ' என்ற சொல் அவனைப் பெரிய சிக்கலில் மாட்டிவிட்டது. வார்டில் ஒரு கிழவனிடம் "நோ இருக்கோ?" என்று கேட்க, கிழவன் "நோ" என்று சொல்ல, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் வெகுநேரம் நின்றதாக வந்து சொன்னான். கௌரி விழுந்து விழுந்து சிரித்தாள். உடம்பின் உள்ளுறுப்புகளை அவள் விஞ்ஞானப் பாடத்தில் படிப்பித்த ஒழுங்கிலேயே சொல்லிக்கொடுத்தாள். ஈரல், மண்ணீரல், சதையி, சிறுநீரகம். மண்ணீரல் என்ற சொல் அவனுக்குப் பிடித்துக்கொண்டது. ஏன் மண் என்று கேட்டான். அவளுக்கும் தெரியவில்லை.

தன்னுடைய ஊரைப் பற்றி ஒருமுறைதான் கதைத்தான். நேபாளத்து மேற்கு மலைகளில் ஒரு கிராமம். வீட்டில் பேசுவது நேபாள மொழியல்ல, அங்கத்தைய மகர் மொழி. அங்கேயும் அரசுக்கும் இயக்கமொன்றுக்கும் சண்டை நடந்தது. பொலிஸ்காரர் வீட்டுக்கு வந்து நேபாள மொழியில் கேட்ட எதுவும் தாய்க்கு விளங்கவில்லை.

"அம்மா எல்லாத்துக்கும் தலையாட்டினவ. இயக்கத்துக்குச் சாப்பாடு குடுத்தனீயோ எண்டு கேட்டாலும் தலையாட்டினவ. அப்பாவைப் பிடிச்சுக்கொண்டு போட்டினம்."

"பிறகு விட்டவங்களோ?"

"விட்டவை. இப்ப நடக்க ஏலாது."

சண்முகலிங்கம் அன்றைக்கு வருத்தம் எதுவும் நடிக்கவில்லை. கௌரி தேத்தண்ணி வைக்கக் கீழே போனாள்.

2007 சித்திரைப் புதுவருட விடுமுறை முடிந்து தில்குமார் வார்டுக்குத் திரும்பியபோது, யன்னலோரக் கட்டிலில் புதிதாக ஒருவர் படுத்திருந்தார். நாற்பது வயது மதிக்கலாம். இடது கை கட்டில் சட்டத்தோடு விலங்கிடப்பட்டிருந்தது. பக்கத்தில் கதிரை போட்டு ஒரு கொன்ஸ்டபிள் இருந்தான். நோயாளியின் பெயர் பூபாலசிங்கம், கொட்டாஞ்சேனையில் லொட்ஜ் ஒன்றில் பிடிபட்டவர், விசாரணையின்போது விழுந்து விலா எலும்பு முறிந்தது என்று சொல்லிக் கொண்டுவந்திருந்தார்கள். அதற்குமேல் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. காய்ச்சல் வந்து வந்து போனது. வயிற்றில் பழைய ஒப்பரேசன் தழும்பொன்று இருந்தது. அது எதற்காகச் செய்ததென்று தெரியவில்லை. அந்த வார்டில் அப்போது தமிழ் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. இருந்திருந்தாலும் அவர் வாய் திறந்திருப்பாரோ என்னவோ.

தில்குமார் தானாகப் போய்ப் பெரிய டொக்டரிடம் கேட்டான். அவருக்கு ஆச்சரியம். "தமிழும் பேசுவாயா? நல்லது. முழு விபரமும் எடு. நாளைக் காலை எனக்குச் சொல்," என்றார்.

மத்தியானம் வார்டு அடங்கிய பிறகு அவன் அந்தக் கட்டிலடிக்குப் போனான். கொன்ஸ்டபிள் சிங்களப் பத்திரிகையில் கிரிக்கெட் பக்கத்தை விரித்துவைத்திருந்தான். தில்குமார் ஒரு முக்காலியை இழுத்து, தன் தலை நோயாளியின் தலைக்கு நேரே வரும்படி இருந்தான். சண்முகலிங்கத்துக்குப் பக்கத்தில் இருப்பதுபோல.

"என்ன செய்யுது, அண்ணை?"

பூபாலசிங்கம் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். அந்த முகத்தையும் அந்தத் தமிழையும் அவரால் பொருத்த முடியவில்லை.

"நீர் ஆர்?"

"நேபாளம். இஞ்சை படிக்கிறன்."

"இந்தத் தமிழ் எங்கை எடுத்தனீர்?"

"ஒரு ரீச்சர் படிப்பிச்சவ. எங்கை நோகுது அண்ணை? மூச்சு எடுக்கேக்கை நோகுதோ?"

அவர் சத்தமில்லாமல் அழத் தொடங்கினார். கொன்ஸ்டபிள் பத்திரிகையைத் தாழ்த்தி என்ன என்று சிங்களத்தில் கேட்டான். விலாவில் நோவாம் என்று தில்குமார் சொல்ல, அவன் மறுபடி பத்திரிகைக்குள் போய்விட்டான்.

"பிடிச்ச நாளிலையிருந்து எத்தினை பேர் என்னெல்லாமோ கேட்டவங்கள்," என்றார் பூபாலசிங்கம். "இண்டைக்குத்தான் ஒராள் என்ன செய்யுதெண்டு கேட்டது."

அதற்குப் பிறகு அவர் பேசினார். சொந்த இடம் வன்னியில் விசுவமடு. கட்டாருக்குப் போகலாமென்று மனைவியோடு கொழும்புக்கு வந்தவர். ஏஜென்சிக்காரன் இழுத்தடித்தான், பாதையும் பூட்டுப்பட்டுவிட்டது. மனைவி சீனியம்மா பின்னேரத்தில் பார்க்க வருவாள், நோயாளர் பார்க்கும் நேரம் முடிந்ததும் அனுப்பிவிடுவார்கள். காய்ச்சல் இரவில்தான் கடுமை. குளிர் உதறும். தில்குமார் அவருடைய சாரத்தைச் சற்றுத் தளர்த்தி அந்தத் தழும்பை விரலால் தொட்டான்.

"இது என்ன ஒப்பரேசன்?"

அவர் கொன்ஸ்டபிளைப் பார்த்தார். பிறகு யன்னலைப் பார்த்தார்.

"உமக்கெண்டபடியால் சொல்லுறன்," என்றார்.

அந்த வசனத்தின் ஒவ்வொரு சொல்லும் தில்குமாருக்கு விளங்கியது. வசனம் விளங்கவில்லை. தன்னுடைய தமிழை மெச்சுகிறார் என்று எடுத்துக்கொண்டான்.

இரண்டாயிரமாம் ஆண்டு, ஆனையிறவில் அடிபாடு நடந்த நேரம். அவர் ட்ரக்டர் ஓடிக்கொண்டிருந்தார். "இயக்கம் காயக்காரரை ஏத்தச் சொன்னது. மாட்டன் எண்டு சொல்ல ஏலுமே? ஏத்தினனான். ரெண்டாம் நாள் செல் விழுந்து வெடிச்சது. எனக்கும் வயித்திலை. அவையின்ரை மெடிக்ஸ் ஆக்கள்தான் வெட்டினவை. மண்ணீரலை எடுத்துப்போட்டம், இனிக் காய்ச்சல் வந்தால் கவனம் எண்டு சொல்லிவிட்டவை."

மண்ணீரல் என்ற சொல் காதில் விழுந்ததும் தில்குமார் முக்காலியில் நிமிர்ந்தான். மண்ணீரல் இல்லாதவருக்குக் காய்ச்சல் சும்மா காய்ச்சலல்ல. கிருமி இரத்தத்தில் ஏறினால் ஒரு நாளில் ஆளை முடித்துவிடும். இத்தனை டொக்டர்மார் பார்த்தும் அகப்படாத விடயம், ஒரு சொல் தெரிந்ததால் தன் கையில் அகப்பட்டுவிட்டது. அன்றைக்கே இளம் டொக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னான். அவர், பெரியவர் காலையில் வருவார்தானே, நீயே சொல்லு, அதற்குள் இரத்தம் எடுத்து அனுப்புவோம் என்றார். தில்குமார் விடுதிக்குப் போய், சொல்ல வேண்டியதைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லிப் பார்த்தான்.

காலையில் பெரிய டொக்டர் வந்தார். பின்னால் இளம் டொக்டர்மார், தாதிமார், மாணவர்கள் என்று ஒரு கூட்டம். கொன்ஸ்டபிள் எழுந்து நின்றான். அவனுக்குப் பக்கத்தில் ஸ்திரி போட்ட வெள்ளைச் சேர்ட்டோடு ஒருவர் நின்றார். வேறு பிரிவு டொக்டர் என்று தில்குமார் நினைத்தான்.

விடயத்தைத் தெளிவாக, பின்வரிசைக்கும் கேட்கும்படி சொல்லவேண்டும் என்றுதான் அவர்களுக்குப் பழக்கியிருந்தார்கள். அவன் அப்படியே சொன்னான். நோயாளியின் வயது, ஊர், காய்ச்சல், குளிர், மண்ணீரல் அகற்றப்பட்டிருப்பது. மாணவர்களுக்குள் ஒரு சலசலப்பு ஓடியது. பெரிய டொக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். முகத்தில் உண்மையான சந்தோசம்.

"மிக நன்று. எங்கே செய்தது? யார் செய்தது? ஏன் எடுத்தார்கள்?"

வழமையாகக் கேட்கிற கேள்விதான். தில்குமாரும் வழமையாகச் சொல்கிறமாதிரிப் பதில் சொன்னான். வன்னியில். புலிகளின் வைத்தியப் பிரிவில். அவர்களுடைய காயக்காரரை ட்ரக்டரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது செல் பட்டு.

சொல்லி முடிக்கும்போதே வார்டு ஒருவிதமாக அடங்கியதை அவன் உணர்ந்தான். பெரிய டொக்டர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். தன்னுடைய சப்பாத்தைப் பார்த்தார். "அன்டிபயோட்டிக் தொடங்குங்கள். உடனே," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நடந்தார். வெள்ளைச் சேர்ட்டுக்காரர் வெளியே போனார். பூபாலசிங்கத்துக்கு ஆங்கிலம் தெரியாது. விசுவமடு, ட்ரக்டர், இயக்கத்தின் பெயர், இவ்வளவும் எந்த மொழியிலும் ஒன்றுதான். அவர் தில்குமாரைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார்.

மத்தியானம் அந்த வெள்ளைச் சேர்ட்டுக்காரர் வார்டு வாசலில் அவனைக் கூப்பிட்டார். மரியாதையான ஆங்கிலம். வந்து கட்டிலடியில் கொஞ்சநேரம் இரும், இன்னும் சில விடயம் கேட்கவேண்டும் என்றார்.

"எனக்கு வருத்தம் கேட்கத்தான் தமிழ் தெரியும்," என்றான் தில்குமார்.

"எனக்கும் தமிழ் தெரியும். நல்லாகவே தெரியும். எனக்கு அவன் சொல்லமாட்டான். உனக்குச் சொல்கிறான்."

முடியாது என்றான். அவர் வற்புறுத்தவில்லை. சிரித்துக்கொண்டு, இவ்வளவு நல்லாகத் தமிழ் எங்கே படித்தாய் என்று விசாரித்தார். வெள்ளவத்தையில் ஒரு ரீச்சர் என்று தில்குமார் சொல்லிவிட்டான்.

அடுத்த நாள் காலை யன்னலோரக் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டிருந்தது. சிறைச்சாலை ஆஸ்பத்திரிக்கு மாற்றியதாகச் சொன்னார்கள். தில்குமார் அங்கே போய் வாசலில் விசாரித்தான். அப்படியொருவர் வரவில்லை என்றார்கள். மருந்து ஒரே ஒரு நாள்தான் ஏறியிருந்தது.

அன்று பாடமில்லாத நாள். இருந்தும் பின்னேரம் அவன் வெள்ளவத்தைக்கு வந்தான். முக்காலியில் இருக்காமல் நிலத்தில் சுவரோடு சாய்ந்து இருந்து, தமிழ் போதாத இடத்தில் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து எல்லாவற்றையும் சொன்னான். கீழே கரையோரப் பாதையில் ரயில் போகும்போது நிறுத்தி, போனபிறகு தொடர்ந்தான்.

"சத்தமாச் சொன்னீங்களோ?" என்றாள் கௌரி கடைசியில்.

"எல்லாருக்கும் கேக்கச் சொல்லோணும். அப்பிடித்தான் பழக்கினவை."

"பக்கத்திலை பொலிஸ் நிக்கேக்கையுமோ?"

"சொல்லாட்டில் செத்துப்போவார், ரீச்சர். மண்ணீரல் இல்லை. காய்ச்சல்."

"மண்ணீரல் இல்லை எண்டு மட்டும் சொல்லியிருக்கலாம்."

"கேட்டவர். எங்கை செய்தது எண்டு பெரிய டொக்டர் கேட்டவர். கேட்டால் சொல்லத்தானே வேணும்."

கௌரி எழும்பி யன்னலடிக்குப் போனாள். அவனை ஏசவேண்டும்போல இருந்தது. ஆனால் எந்த இடத்தில் பிழைத்தான் என்று அவளுக்கே திட்டமாகச் சொல்ல முடியவில்லை. வருத்தக்காரனைப் பேச வைப்பது எப்படி என்று அவள் படிப்பித்தாள். எதைச் சொல்லாமல் விடவேண்டும் என்பது அவளுடைய ஊரில் குழந்தைப்பிள்ளைகளுக்கும் தெரிந்த விடயம். அதை ஒருவருக்குப் படிப்பிக்கவேண்டி வரும் என்று அவள் நினைத்ததில்லை.

"ஆர் தமிழ் படிப்பிச்சது எண்டு கேட்டவங்களோ?" என்றார் சண்முகலிங்கம்.

"கேட்டவை. பேர் சொல்லேல்லை. வெள்ளவத்தை ரீச்சர் எண்டு சொன்னனான்."

"அப்ப பிரச்சினையில்லை. வெள்ளவத்தையிலை தமிழ் தெரிஞ்ச பொம்பிளையளுக்குக் குறைவே?" என்று சொல்லிவிட்டு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

அவர்களுக்குப் பெயர் தேவைப்படவில்லை. நேபாளத்துப் பொடியன் ஒருவன் கிழமைக்கு மூன்று தரம் எந்த ஒழுங்கைக்குள் போய்வருகிறான் என்று சந்திச் சென்றியில் காவலுக்கு நின்றவர்களுக்கே தெரியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, சரோஜினிதேவி படியேறி வந்து கதவைத் தட்டினாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர். ஒருவர் வெள்ளைச் சேர்ட்டுக்காரர்.

"நீங்கள்தானே ரீச்சர்?" என்றார் அவர், நல்ல தமிழில். "நல்லாத்தான் படிப்பிச்சிருக்கிறீங்கள்."

அறையைக் கிளறவில்லை. மேசையிலிருந்த மருந்துப் போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து வைத்தார்கள். ஒரு வாக்குமூலத்துக்கென்று சண்முகலிங்கத்தைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான்தானே படிப்பித்தது, என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று கௌரி படியிறங்கிப் பின்னால் போனாள். பொம்பிளையளைக் கரைச்சல்படுத்தமாட்டோம் என்று சொல்லி வாகனக் கதவைச் சாத்தினார்கள்.

பொழுதுபட விட்டுவிட்டார்கள். ஓட்டோவிலிருந்து அவர் இறங்கும்போது கணுக்கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் போகவில்லை. செருப்பைக் கையில் வைத்திருந்தார். காலையிலிருந்து ஒரே மரவாங்கில் இருத்திவைத்திருந்தார்கள். மருந்து எடுக்கவில்லை. என்ன கேட்டார்கள் என்று கௌரி கேட்டாள்.

"பேர் ஊர்தான்," என்றார். அதற்குமேல் அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

இரவு சாப்பிட்டபிறகு சரோஜினிதேவி கௌரியைக் கீழே கூப்பிட்டாள். கதிரையில் இருக்கச் சொன்னாள்.

"பிள்ளை, குறை நினையாதையும். எனக்கு ஒருத்தரும் துணையில்லை. மகன் கனடாவிலையிருந்து எடுத்துப் பேசுறான், ஆக்களை வைச்சிராதையுங்கோ எண்டு."

"விளங்குது அக்கா."

"உடனை எண்டில்லை. ஒரு இடம் பாத்துக்கொண்டு."

"ஓம் அக்கா."

பேர்ணடெற்தான் மறுபடி உதவினாள். கொட்டாஞ்சேனையில், தன் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி, கோழிக்கடைக்கு மேலே ஒரு அறை எடுத்துக்கொடுத்தாள். யன்னல் இல்லை. சண்முகலிங்கத்துக்கு மணம் பிடிக்காமல் சாப்பாடு இறங்குவது இன்னும் குறைந்தது. தில்குமார் ஒருநாள் டெலிபோன் எடுத்தான். புது இடம் எங்கே என்று கேட்டான். தம்பி, இனி வராதையுங்கோ என்று கௌரி சொன்னாள். ஓம் ரீச்சர் என்றான். நல்ல சுத்தமான 'ஓம்'.

வைகாசி கடைசியில் ஒரு கிளினிக் நாள். மெசினில் போட்டு இரத்தம் சுத்தப்படுத்தாமல் இனி இழுக்க முடியாது, ஆனால் முன்னால் கனபேர் இருக்கிறார்கள் என்று அதற்கு முந்திய தரமே சொல்லியிருந்தார்கள். சண்முகலிங்கத்தை வாங்கொன்றில் இருத்திவிட்டு, தண்ணீர்ப் போத்தலை நிரப்பக் கௌரி விறாந்தையால் நடந்தாள். எதிரே மாணவர் கூட்டமொன்று வந்தது. தில்குமாரும் அதில் வந்தான். மெலிந்திருந்தான்.

அவள் கூப்பிடுவதா விடுவதா என்று நிற்கும்போதே, சுவரோரம் நின்ற ஒரு பெண் அவனுக்கு முன்னால் போய் மறித்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஒரு சொப்பிங் பை, அதற்குள் மடித்துவைத்த சாரமும் சேர்ட்டும் தெரிந்தன.

"தம்பி, பூபாலசிங்கம். அந்த யன்னல் கட்டில். என்ரை மனுசன். எங்கை கொண்டு போனவை? உங்களுக்குத் தெரியும் தம்பி, நீங்கள் அவரோடை கதைச்சனீங்கள்தானே?"

தில்குமார் அவளைப் பார்த்தான். கூட வந்தவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அவனுடைய வாய் திறந்தது. அந்த நேரம்தான் அவன் கௌரியைக் கண்டான்.

"மம தெமள தன்னெ நே, அம்மே," என்றான் அந்தப் பெண்ணிடம். தனக்குத் தமிழ் தெரியாதென்று சிங்களத்தில் சொன்னான். அவளுக்கு விளங்கியதோ இல்லையோ, கையை அசைத்தும் காட்டினான். பிறகு குனிந்துகொண்டு கௌரியைத் தாண்டி நடந்தான். கோட்டு அவளுடைய கையில் உரசிக்கொண்டு போனது.

அந்தப் பெண் நின்ற இடத்திலேயே நின்றாள். கௌரி போத்தலை நிரப்பாமல் அவளைக் கூட்டிக்கொண்டுவந்து, சண்முகலிங்கம் இருந்த வாங்கில் அவருக்கு இந்தப் பக்கம் இருத்தினாள். தமிழ்க் குரல் கேட்டதும் அவள் எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கிவிட்டாள். பெயர் சீனியம்மா. கொட்டாஞ்சேனை லொட்ஜிலிருந்து ஒவ்வொரு நாளும் வருகிறாள். உள்ளே விடமாட்டார்கள். சிங்களம் தெரியாது. செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போனாள், மனித உரிமைக்காரரிடம் போனாள், பெயர் பதிந்துகொண்டு அனுப்பிவிட்டார்கள். நீதிமன்றம், லோயர் என்று கௌரி தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். ஓம், போகவேண்டும் என்று சீனியம்மாவும் சொன்னாள். அதில் எதுவும் நடக்காதென்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

"அடுத்த நாள் என்னை உள்ளை விடேல்லை. கடைசியாப் பாத்த அண்டு மனுசன் நல்ல சந்தோசமா இருந்தவர்," என்றாள் சீனியம்மா. "ஒரு வெளிநாட்டுப் பிள்ளை வந்து தமிழிலை கதைக்குது, எங்கட ஆக்கள் மாதிரியே கதைக்குது, நீ பயப்பிடாதை எண்டு சொன்னவர். சீனாக்காரரின்ரை மாதிரி முகமாம். வெள்ளைக் கோட்டாம். இந்தப் பிள்ளையாக்கும் எண்டுதான் நான் போய்க் கேட்டனான்."

கௌரி வெறும் போத்தலின் மூடியைத் திருகினாள்.

"தெரியாதெண்டு கையைக் காட்டுது. அப்ப இது வேறை ஆளோ அக்கா?"

சண்முகலிங்கம் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். விறாந்தையின் அந்தத் தலைப்பில் மாணவர்கள் படியேறிக்கொண்டிருந்தார்கள்.

"ஓம்," என்றாள் கௌரி. "வேறை ஆளாயிருக்கும். இப்பிடி முகத்தோடை இஞ்சை கனபேர் படிக்கினம்."

"எனக்கும் அப்பிடித்தான் பட்டது. தெரிஞ்ச பிள்ளையெண்டால் கதைச்சிருக்கும்."

பேர்ணடெற் கதவைத் திறந்து சண்முகலிங்கத்தின் பெயரைக் கூப்பிட்டாள். கௌரி அவரைத் தூக்கி நிறுத்தி உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே டொக்டர் இந்தத் தரமும் மெசினுக்கு இடமில்லை என்றார். கால் வீக்கத்தை அமத்திப் பார்த்துவிட்டு மருந்தைக் கூட்டி எழுதினார். வெளியே வரும்போது சீனியம்மா சொப்பிங் பையை மடியில் வைத்துக்கொண்டு அதே வாங்கில் இருந்தாள். எழும்பி, போட்டு வாறன் அக்கா என்று சொன்னாளே தவிர, போகவில்லை.

அடுத்த கிளினிக் நாளுக்கு முன், லொட்ஜுகளில் தங்கியிருந்த வடக்குக் கிழக்கு ஆட்களைப் பொலிசார் விடியமுன் எழுப்பி பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். கொட்டாஞ்சேனையிலும் ஏற்றினார்கள். இரண்டொரு நாளில் நீதிமன்றம் அதைத் தடுத்தது. சிலர் திரும்பி வந்தார்கள். கௌரியும் சண்முகலிங்கமும் கோழிக்கடை மாடியில் வெளிச்சம் போடாமல் இருந்து தப்பினார்கள்.

கிளினிக் நாளில் அந்த வாங்கில் சீனியம்மா இல்லை. வேறு ஆட்கள் இருந்தார்கள். அதற்கடுத்த தரமும் இல்லை. யாரைக் கேட்பதென்று கௌரிக்குத் தெரியவில்லை.